யாக்கோபின் இரண்டு பதில்கள்

பாளையங்கோட்டையிலிருந்து நாசரேத், மெஞ்ஞானபுரம் வரை, எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்கள் வாழும் எந்தத் தெருவில் நடந்தாலும் ‘எபெனேசர்’ என்று வாசலில் எழுதிய வீடு ஒன்றாவது கண்ணில் படும். பழைய காரைவீட்டு நெற்றியிலும் இருக்கும், புதிய மாடிவீட்டுக் கிரானைட் பலகையிலும் இருக்கும். மளிகைக் கடைக்கும் அச்சகத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்ட காலத்தில் எபெனேசர் இல்லாத வகுப்பு அரிது. கடன் அடைத்து, மகளுக்குக் கல்யாணம் முடித்து, தளம் போட்டு, சபைக் குருவான ஐயரை அழைத்து ஜெபம் பண்ணிக் குடியேறும்போது எங்கள் மக்களுக்கு முதலில் தோன்றும் பெயர் அது. இதுவரை ஆண்டவர் உதவினார் என்று சொல்லி சாமுவேல் தீர்க்கதரிசி நாட்டிய கல்லின் பெயர்.

அந்தக் கல்லின் கதை சாமுவேலின் முதலாம் புத்தகம் 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெலிஸ்தரை இஸ்ரவேலர் வென்ற நாளில், மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே அதை நாட்டினார் சாமுவேல். ஆனால் அந்தப் பெயர் அங்கே முதல்முறையாக வரவில்லை. 4ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் பாளயமிறங்கிய இடமும் எபெனேசர்தான். அங்கே முதல் சண்டையில் 4,000 பேர் மடிந்தார்கள். சீலோவிலிருந்து உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். பெட்டி வந்த பிறகு 30,000 பேர் மடிந்தார்கள். பெட்டியே பறிபோயிற்று. ஆசாரியன் ஏலியின் இரண்டு மகன்களும் செத்தார்கள். செய்தி கேட்ட ஏலி இருக்கையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்தார். மருமகள் பிரசவத்தில் போய்விட்டாள்.

இரண்டு எபெனேசரும் ஒரே இடம்தானா என்பதில் வேத அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. பெயர் என்னவோ ஒன்றுதான். சாமுவேல் கல்லை நாட்டிய நாளில் அந்தக் கூட்டத்தில் முதல் எபெனேசரில் தகப்பனைப் பறிகொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள், மகனைப் பறிகொடுத்தவர்கள் இருந்திருப்பார்கள். இடையே 20 வருடத்துக்கு மேல் ஓடியிருந்தது. வெற்றியைச் சொல்ல அவருக்கு வேறு பெயரா கிடைக்கவில்லை? தோல்வியின் பெயரையே எடுத்துக் கல்லுக்கு வைத்தார். அவர் தெரிந்தேதான் அப்படிச் செய்தார் என்று நான் நம்புகிறேன்.

நம் வாசல்களுக்கு வந்து சேர்ந்திருப்பது 7ஆம் அதிகாரம் மட்டும். 4ஆம் அதிகாரத்தை நாம் உள்ளே அழைப்பதில்லை.

ஆண்டவர் உண்மையுள்ளவர் என்று சிறு வயது முதல் சொல்லி வந்திருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் மனப்பாடமாகச் சொன்னேன், வளர்ந்தபின் மனமாரச் சொன்னேன், ஒரு காலத்தில் சொல்ல முடியாமல் வாயடைத்து நின்றேன், இப்போது மறுபடி சொல்கிறேன். எழுபதைத் தாண்டிவிட்ட இந்த வயதில் அந்த வார்த்தையை எதைக் கொண்டு சொல்கிறேன் என்று எனக்கே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது. கேட்டது கிடைத்ததைக் கொண்டா? அப்படியென்றால் கிடைக்காதவள் எதைக் கொண்டு சொல்வாள்?

நான் ஒரு உபதேசியாரின் மகள். தென்பக்கத்துச் சபைகளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: உபதேசியார் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். பல ஊர்கள் சேர்ந்தது ஒரு சேகரம். சேகரத்து ஐயர் முறை வைத்து ஒவ்வொரு ஊருக்கும் வந்து நற்கருணை கொடுத்துப் போவார். மற்ற நாள்களில் கோயிலைத் திறப்பதும், காலை மாலை ஜெபம் நடத்துவதும், நோயாளியின் தலைமாட்டில் உட்காருவதும், இரவில் சாவு விழுந்தால் முதல் ஆளாகப் போய் நிற்பதும் உபதேசியார்தான். சம்பளம் சொற்பம். சில வருடங்களுக்கொரு முறை மாற்றல் வரும். தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவோம்.

திருநெல்வேலிச் சபையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் குளோரிந்தா அம்மையாரில் தொடங்குவார்கள். 1778இல் பாளையங்கோட்டையில் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற விதவை அவர். அங்கே 1785இல் எழுந்த சிறு கோயில் அவர் கட்டியது. அதற்குப் பிறகு 1799இல் முதலூர் குடியேற்றம், 1820இல் ரேனியஸ் ஐயரின் வருகை, 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் என்று வரிசை போகும். இந்த வரிசையில் ஓர் இடைவெளி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஆண்டுகள் இந்தச் சபைகளைக் கவனிக்க நிலையாக ஒரு மிஷனெரி இல்லை. வெளியுதவி ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. 1816இல் ராணுவக் குருவாகப் பாளையங்கோட்டைக்கு வந்த ஜேம்ஸ் ஹஃப் ஊர் ஊராக விசாரித்தபோது சபைகள் உயிரோடு இருக்கக் கண்டார். அவற்றைக் கலையாமல் காத்தவர்கள் நம் நாட்டுக் குருவும் உபதேசிமாரும். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அப்பா அந்தப் பெயரில்லாத வரிசையில் வந்தவர். அவரிடம் அற்புதக் கதை எதுவும் இருந்ததில்லை. செம்மண் தேரியில், கால் புதையும் மணலில், பனங்காட்டுக்குள் தனித்தனியாக இருந்த வீடுகளுக்கு நடந்து போவார். வருகிறேன் என்று சொன்ன நேரத்துக்குப் போவார். மழையென்றாலும் போவார், தனக்குக் காய்ச்சலென்றாலும் போவார். படுக்கையில் கிடந்த கிழவர்கள் அவர் வரும் நேரத்தைக் கொண்டு பொழுது கணித்தார்கள். ஆண்டவர் சொன்ன சொல்லைக் காப்பவர் என்று அப்பா பிரசங்கம் பண்ணியது எனக்கு அவ்வளவாக நினைவில்லை. சொன்ன சொல்லைக் காக்கும் ஒருவரோடு ஒரே வீட்டில் வளர்ந்ததால் அந்தச் செய்தி எனக்கு அன்னியமாக இருக்கவில்லை.

அம்மா உலையில் அரிசியைப் போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போட்டுவிடுவாள். கைப்பிடி அரிசி என்று அதற்குப் பெயர். சேர்ந்த அரிசி கோயிலுக்குப் போகும், விற்று ஊழியத்துக்குக் கொடுப்பார்கள். இந்தப் பக்கத்துக் கோயில்கள் பலவற்றின் சுவரில் பெண்களின் இந்தப் பிடியரிசி இருக்கிறது. அறுபதுகளில் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, வீட்டில் கஞ்சி தண்ணீராக இளகிய நாள்களிலும் அம்மா அந்தப் பானையை மறக்கவில்லை. பிடி சிறிதாயிற்று, நிற்கவில்லை. “நமக்கே இல்லையேம்மா” என்று கேட்டேன். “நமக்கு என்னைக்குட்டி இருந்திருக்கு?” என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. எப்போதும் இல்லாமல்தான் இருந்தது, எப்போதும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தோம், இன்றைக்கு மட்டும் என்ன புதிதாக என்பதுபோல் சொன்னாள்.

‘கிரேட் இஸ் தை ஃபெய்த்ஃபுல்னஸ்’ என்ற ஆங்கில ஞானப்பாட்டை இன்று நம் சபைகளிலும் பாடுகிறார்கள். 1923இல் அமெரிக்காவில் தாமஸ் சிஷோம் எழுதி, வில்லியம் ரன்யன் மெட்டமைத்தது. எரேமியாவின் புலம்பல் மூன்றாம் அதிகாரத்தில் ஆண்டவருடைய இரக்கம் காலைதோறும் புதிதாகிறது என்று வரும் இடம்தான் அதன் ஊற்று. கன்வென்ஷன் கூட்டங்களில் பாட்டுகள் பிறந்த கதையைச் சொல்லும் பிரசங்கிமார் இந்தப் பாட்டின் கதையைச் சொல்லி நான் கேட்டதில்லை. 1873இல் கப்பல் விபத்தில் நான்கு பெண்மக்களையும் இழந்த ஸ்பாஃபோர்டு எழுதிய பாட்டின் கதையைத்தான் சொல்வார்கள். சிஷோமின் கதையில் சொல்வதற்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர் கென்டக்கியில் மரக்கட்டை வீட்டில் பிறந்தார், கிராமப் பள்ளியில் வாத்தியாராக இருந்தார், கொஞ்ச காலம் குருவாக ஊழியம் செய்தார், உடல் நலம் இடங்கொடுக்காததால் விட்டார், பிறகு காப்பீட்டு முகவராகப் பிழைத்தார். வருமானம் எப்போதும் குறைவு. பெரிய ஆபத்து ஒன்றிலிருந்து தப்பி எழுதிய பாட்டல்ல இது. எழுந்து, வேலைக்குப் போய், திரும்பி வந்து, மறுநாள் மறுபடி எழுந்த ஒரு மனிதர் எழுதியது.

எங்கள் பனையேறிகளுக்கு இது விளங்கும். என் அம்மாவைப் பெற்ற தாத்தா பனையேறி. காலையும் மாலையும் ஒவ்வொரு மரமும் ஏறி இறங்குவார். பாளையை அன்றாடம் சீவினால்தான் பதநீர் ஊறும். நேற்று நன்றாகச் சீவினேனே என்று இன்று விட்டுவிட்டால் வெட்டுவாய் காய்ந்து பாளை அடைத்துக்கொள்ளும். நேற்றைய பதநீரும் இன்றைக்கு உதவாது, புளித்துப்போகும். ஆண்டவர் இரக்கத்தைக் காலைதோறும் புதிதாகத் தருகிறார் என்று கேட்கும்போது எனக்குத் தாத்தாவின் கலயம்தான் கண்முன் வரும். ஆண்டு முழுவதற்கும் ஒரே நாளில் வாங்கி அடைத்து வைக்கும் வகை கிடையாது அது.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. வாழ்க்கை இந்த அளவோடு நின்றிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

என் மூத்த மகன் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது மூளைக்காய்ச்சல் வந்து இறந்தான். டவுனில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். பக்கத்துக் கட்டிலில் அதே காய்ச்சலோடு இன்னொரு பையன். எங்கள் சேகரத்தையே சேர்ந்த குடும்பம். இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சபையார் உபவாசம் இருந்து விடிய விடிய ஜெபித்தார்கள். ஒரே ராத்திரி, ஒரே கோயில், இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிச் சொன்ன ஒரே வாய்கள். அந்தப் பையன் பிழைத்தான். என் பிள்ளை பிழைக்கவில்லை.

பிறகு வந்த ஸ்தோத்திரப் பண்டிகையில் அவன் தாய் அவனைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து சாட்சி சொன்னாள். ஆண்டவர் உண்மையுள்ளவர் என்று சொன்னாள். சொல்லும்போதே பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துவிட்டாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் சொன்னதில் பொய்யும் இல்லை. அவளுக்கு உண்மையுள்ளவராக இருந்தவர் எனக்கு யாராக இருந்தார் என்ற கேள்வி மட்டும் எழுந்து நின்றது. வீட்டுக்கு வந்த பிறகும் அது போகவில்லை. வருடக்கணக்கில் போகவில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நல்லவர்கள். ஆனால் அவர்கள் சொன்னவற்றில் பல சொல்லக்கூடாதவை என்று இன்றும் நினைக்கிறேன். ஆண்டவருக்குப் பிரியமான பூவைப் பறித்துக்கொண்டார் என்றார்கள். ஏதோ பெரிய ஆபத்திலிருந்து பிள்ளையைத் தப்புவித்திருக்கிறார் என்றார்கள். விசுவாசத்தோடு கேட்டீர்களா என்றும் ஒருவர் கேட்டார். யோபுவின் மூன்று சிநேகிதர்களும் முதல் 7 நாள் வாய்திறவாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. எட்டாம் நாள் விளக்கம் சொல்லத் தொடங்கினார்கள், புத்தகத்தின் முடிவில் கர்த்தர் அவர்கள்மேல் கோபங்கொண்டார். தம்மிடம் முறையிட்ட யோபுவை விட்டுவிட்டு, தமக்காக வக்காலத்து வாங்கியவர்களைத்தான் அவர் கடிந்தார். இதைப் படித்தும் நாம் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த நாள்களில் சேகரத்து ஐயர் ஒருவர் வந்தார். ஓய்வுபெறப் போகும் வயது. பையிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்து 88ஆம் சங்கீதத்தை வாசித்தார். முறையிடும் சங்கீதங்கள் நிறைய உண்டு. ஆனால் ஏறக்குறைய எல்லாமே எங்காவது ஓரிடத்தில் துதிக்குத் திரும்பிவிடும். 88 திரும்புவதில்லை. ஆரம்பம் முதல் கடைசி வரை கேள்வி, கடைசிச் சொல் இருள். ஐயர் அங்கேயே நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடினார். விளக்கம் சொல்லவில்லை. அடுத்த சங்கீதத்துக்குப் போகவில்லை. என் கணவர் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, “வாரேன் டீச்சர்” என்று சொல்லிப் போய்விட்டார்.

அவர் செய்தது என்ன என்று அன்று எனக்குப் புரியவில்லை. மெல்ல மெல்லத்தான் புரிந்தது. பதில் கிடைக்காத ஒரு மனிதனின் ஜெபத்தை, தம்மைக் குறைகூறும் ஜெபத்தை, ஆண்டவர் தம்முடைய புத்தகத்தில் வைத்திருக்கிறார். யாரும் அதற்கு நல்ல முடிவு ஒன்றை எழுதிச் சேர்க்கவில்லை. அப்படியானால் என்னுடைய வாயடைப்பும் அவருக்கு வெளியே இல்லை. 89ஆம் சங்கீதமோ அவருடைய உண்மையைப் பாடிக்கொண்டே தொடங்குகிறது, நெடுந்தூரம் பாடிவிட்டு, அந்தப் பழைய கிருபை எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்கிறது. புலம்பல் புத்தகமும் அப்படித்தான். ஐந்து அதிகாரங்களில் நடு அதிகாரத்தின் நடுவில்தான் காலைதோறும் புதிதாகும் இரக்கம் வருகிறது. முன்னாலும் பின்னாலும் எரிந்து கிடக்கும் எருசலேம். புத்தகம் முடிவதோ எங்களை முற்றிலும் தள்ளிவிட்டீரோ என்ற பயத்தில். அந்த நடுப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து காலண்டரில் அச்சிட்டுத் தொங்கவிடுகிறோம். அதைச் சொன்னவன் எங்கே உட்கார்ந்து சொன்னான் என்று பார்ப்பதில்லை.

அந்த மாதங்களில் ஆண்டவர் எங்கே இருந்தார் என்று கேட்டால் நான் இரண்டு பேரைத்தான் காட்ட முடியும். தெருக்கோடியில் ஒரு பெரியம்மை. எழுதப் படிக்கத் தெரியாது. தினமும் மத்தியானம் வந்து ஏனங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். இன்னொருவர் என்னோடு வேலை பார்த்த டீச்சர், முருக பக்தை, தவறாமல் சஷ்டி விரதம் இருப்பவர். தினமும் காலையில் வந்து என் சின்ன மகளுக்குத் தலைபின்னி, தன் பிள்ளைகளோடு சேர்த்து அவளையும் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போனார். நான் எழுந்து நடமாடும்வரை அவர் அதை விடவில்லை. என் ஜெபத்துக்கு இதுதான் பதில் என்று சொல்ல மாட்டேன். நான் ஜெபித்தது பிள்ளைக்காக. ஆனால் அந்தக் கைகளை அனுப்பியவர் யார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சாட்சி நேரத்தில் நாம் சொல்கிற முறையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வியாதி வந்தது, ஜெபித்தோம், சுகமானது. வேலை இல்லை, ஜெபித்தோம், கிடைத்தது. நன்றி சொல்ல வேண்டியதுதான், சொல்லாமல் இருப்பதுதான் தவறு. ஆனால் இது மட்டுமே சாட்சி என்று ஆகிவிட்டால் சபையில் பாதிப்பேர் ஊமையாகிவிடுவார்கள். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. கன்னியாகுமரிக் கடற்கரைக் கிராமங்களிலும் வேளாங்கண்ணியிலும் சுனாமியில் செத்தவர்களில் எத்தனையோ பேர் முந்தின நாள்தான் திருப்பலியில் நின்றவர்கள். நான் தப்பினேன், ஆகையால் ஆண்டவர் உண்மையுள்ளவர் என்று ஒருவர் சொன்னால், பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அது எந்தச் செய்தியைச் சொல்கிறது? எபிரெயர் நிருபம் 11ஆம் அதிகாரத்தில் சிங்கத்தின் வாயை அடைத்தவர்களும் இருக்கிறார்கள், வாளால் அறுப்புண்டு செத்தவர்களும் இருக்கிறார்கள். ஒரே பட்டியல், ஒரே நற்சாட்சி.

எங்களுக்குப் பக்கத்திலேயே, மேற்குத் தொடர்ச்சி மலையடியில், டோனாவூர் இருக்கிறது. 1901 முதல் அங்கே கைவிடப்பட்ட பெண்குழந்தைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். அதற்குப் பிறகு 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே படுக்கையாகக் கிடந்தார். அவருக்காக எத்தனை பிள்ளைகள் ஜெபித்திருப்பார்கள்! சுகம் வரவில்லை. அந்த அறையிலிருந்துதான் புத்தகம் புத்தகமாக எழுதினார். அவருடைய விருப்பப்படி அவர் கல்லறைமேல் பெயர்க்கல் வைக்கவில்லை. பிள்ளைகள் வைத்த பறவைகள் நீரருந்தும் தொட்டியில் தாயைக் குறிக்கும் ஒரு சொல் மட்டும் இருக்கிறது.

எனக்கு வழி காட்டியவர் யாக்கோபு. ஆதியாகமம் 47ஆம் அதிகாரத்தில் அவர் பார்வோன் முன்னால் நிற்கிறார். வயது என்ன என்று ராஜா கேட்கிறார். 130 என்று சொல்லிவிட்டு, தன் நாள்கள் கொஞ்சமும் சஞ்சலமும் ஆனவை என்று சேர்த்துச் சொல்கிறார். அடுத்த அதிகாரத்தில், சாகக் கிடக்கும்போது, பேரப்பிள்ளைகள் எப்பிராயீமையும் மனாசேயையும் அருகே அழைத்துத் தலையில் கைவைக்கிறார். பிறந்த நாள் முதல் இந்நாள் வரை என்னை மேய்த்து வந்த தேவன் என்று அப்போது சொல்கிறார். ஒரே மனிதர், ஒரே வாழ்க்கை, இரண்டு பதில்கள்.

யோசேப்பு திரும்பக் கிடைத்துவிட்டான், அதனால் கிழவர் மனம் மாறிவிட்டார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் பார்வோனைப் பார்க்கும் முன்பே அவர் யோசேப்பைப் பார்த்துவிட்டார். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது முடித்தாயிற்று. அதன் பிறகும் அவர் பதில் சஞ்சலம் என்றே இருந்தது. இழந்த மகன் கிடைத்தும் தீராத துக்கம் அது. எனவே கேட்டது கிடைப்பதால் மட்டும் ஒருவர் வாயில் இரண்டாவது பதில் வந்துவிடுவதில்லை.

இரண்டு பதில்களுக்கும் நடுவே 17 வருடம். எகிப்தில் அவர் வாழ்ந்த காலம். யோசேப்பைத் தொலைத்தபோது பையனுக்கு வயது 17. அத்தனை வருடத்தை மறுபடி அவனோடு வாழக் கொடுத்தார் ஆண்டவர். அந்த 17 வருடத்தில் என்ன நடந்தது என்று வேதம் ஒன்றும் சொல்வதில்லை. அற்புதம் இல்லை, தரிசனம் இல்லை. சாப்பிட்டார்கள், ஆடு மேய்த்தார்கள், பேரப்பிள்ளைகள் வளர்ந்தார்கள். இவ்வளவுதான் இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மரணப் படுக்கையில் நன்றி சொல்லும் அதே பேச்சில் ராகேலைப் பற்றியும் சொல்கிறார். கானானுக்கு வரும் வழியில் என்னிடத்தில் செத்தாள், எப்பிராத்தா வழியில் புதைத்தேன் என்கிறார். யாரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டிய இடமும் இல்லை, இருந்தும் சொல்கிறார். அந்தத் துக்கம் ஆறவில்லை. அது இருந்துகொண்டே, மேய்த்து வந்தவர் என்ற வார்த்தையும் வருகிறது.

மேய்த்தவர் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அவரே மேய்ப்பர். 31ஆம் அதிகாரத்தில் மாமன் லாபானிடம் கோபத்தோடு பேசும்போது மேய்ப்பனின் வேலை என்ன என்று வாய்விட்டுச் சொல்கிறார். பகலில் வெயில், இரவில் குளிர், கண்ணில் தூக்கம் இல்லை. காட்டு மிருகம் பீறிய ஆட்டை நான் உன்னிடம் கொண்டுவரவில்லை, அந்த நஷ்டத்தை நானே ஏற்றுக்கொண்டேன் என்கிறார். மேய்ப்பன் இருக்கும் மந்தையில் ஆடு பீறப்படாது என்று யாக்கோபு நினைக்கவில்லை. பீறப்பட்டதை அவர் கண்ணால் பார்த்தவர். அந்த இழப்பு யார் கணக்கில் விழுகிறது என்பதுதான் அவருக்கு மேய்ப்பன் யார் என்று காட்டியது. அந்த வார்த்தையைத்தான் சாகும்போது ஆண்டவருக்குச் சொன்னார்.

இங்கேதான் எனக்குச் சிலுவை விளங்கியது. என் பிள்ளை ஏன் போனான் என்பதற்கு இன்றுவரை எனக்குப் பதில் இல்லை. பரலோகத்தில் கேட்பேன். ஆனால் போன பிள்ளையின் கணக்கை என் தலையில் எழுதிவிட்டு ஒதுங்கி நிற்கிறவர் அல்லர் அவர். தம்முடைய ஒரே குமாரனைப் பறிகொடுத்தவர். இழப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டவர். வருடக்கணக்கில் என்னைக் குத்திய கேள்விக்கு இதை விளக்கமாகச் சொல்லவில்லை. கேள்வியோடு நான் யாரிடம் போகலாம் என்பதை இதில் கண்டேன்.

என் கணவரும் போய்விட்டார். கல்யாணமான நாள் முதல் அதிகாலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துக் காப்பி போட்டு, பிறகுதான் என்னை ஜெபத்துக்கு எழுப்புவார். ஆண்டவருடைய பராமரிப்பு எனக்கு அந்த உருவத்தில் வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது. யோசுவா 5ஆம் அதிகாரத்தில், கானான் தேசத்து விளைச்சலைப் புசித்த மறுநாள் மன்னா நின்றுபோகிறது. 40 வருடமாக விழுந்துகொண்டிருந்தது நின்றுபோன காலையில், தரையைப் பார்த்து யாராவது ஒரு கிழவி கலங்கியிருப்பாள். மன்னா நின்றதே தவிர, மன்னா கொடுத்தவர் நிற்கவில்லை என்று அவளுக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். எனக்கும் ஆயிற்று.

யாக்கோபு இரண்டாவது பதிலைச் சபை நடுவே சொல்லவில்லை, பேரப்பிள்ளைகளிடம் சொன்னார். ராகேலையும் சேர்த்துச் சொன்னார். என் பேரப்பிள்ளைகளிடம் அவர்கள் பார்த்திராத மாமாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவன் எப்படிச் சிரிப்பான், எங்கே உட்கார்ந்து எழுதுவான், அவனுக்காக எப்படி ஜெபித்தோம், எப்படிப் போனான், யார் வந்து ஏனம் கழுவினார்கள், யார் அவர்கள் அம்மாவுக்குத் தலைபின்னினார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஆண்டவர் உண்மையுள்ளவர் என்று கடைசியில் சொன்னபோது பேத்தி ஒரு கேள்வி கேட்டாள். எனக்குத் தெரியாது என்று பதில் சொன்னேன். கேட்க வேண்டிய கேள்விதான் என்றும் சொன்னேன்.

வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களுக்கு நினைவு இருக்கும்போதே, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கிடைத்ததைச் சொல்லச் சொல்லுங்கள், கேட்டும் கிடைக்காததையும் சொல்லச் சொல்லுங்கள். நடுவில் குறுக்கிட்டு ஆறுதல் வசனம் சொல்ல வேண்டாம். அவர்கள் சொல்லி முடிக்கட்டும்.